அரைதானே இறங்கியிருக்கு?

எங்கள் வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். தண்ணீர் பில், சாலை வரி, வங்கிக் கடிதம், தம்பியின் பள்ளி அறிவிப்பு, அப்பாவின் கிளினிக் அட்டை என எல்லாவற்றையும் வாசித்து, தமிழில் சொல்லி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டுவது என் வேலை. பத்து வயதில் தொடங்கிய பழக்கம் இது. அப்பா மூன்றாம் படிவத்தோடு நின்றவர். சுங்கை சிப்புட்டில் பாக்டரி பஸ் ஓட்டுகிறார். அம்மா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நிறுத்தப்பட்டவர். காலையில் வீட்டு வாசலில் நாசி லெமாக் விற்கிறார். "பாப்பா படிச்சிட்டுச் சொல்லட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டால் அதற்கு மேல் வீட்டில் பேச்சு கிடையாது.

அப்படி நான் படித்துச் சொன்ன ஒரு தாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பேரவை இதழுக்குக் கட்டுரை கேட்டபோது வேறு தலைப்புகளை யோசித்தேன். இதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போதே எனக்குக் குறிவரைவு என்றால் கொள்ளைப் பிரியம். முதலில் படக்குறிவரைவு வந்தது. ஒரு புத்தகப் படம் பத்துப் புத்தகங்களைக் குறிக்கும். பாதிப் புத்தகம் வரைந்திருந்தால் ஐந்து. பிறகு பட்டைக் குறிவரைவு, வட்டக் குறிவரைவு. தலைப்பு எழுத மறந்தால் எங்கள் கணித ஆசிரியை ஒரு புள்ளியைக் கழிப்பார். அச்சுக்குப் பெயரிடாவிட்டால் இன்னொன்று போகும். வண்ணப் பென்சிலால் பட்டைகளைக் கோடு தாண்டாமல் தீட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. கேள்விகளும் பழகிப் போனவை. எந்த மாதத்தில் விற்பனை மிக அதிகம்? இரண்டு வகுப்புகளுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு? பட்டையின் நுனியிலிருந்து அடிக்கோலை வைத்து இடப்பக்கம் பார்த்தால் விடை அங்கே உட்கார்ந்திருக்கும். 2016-இல் நான் யூ.பி.எஸ்.ஆர். எழுதியபோதும் (அந்தத் தேர்வே 2021-இல் எடுக்கப்பட்டுவிட்டது) அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி கிடைத்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளி. தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன நண்பர்களுக்கு அந்த முதல் ஆறு மாதம் நினைவிருக்கும். வரலாறு, புவியியல், அறிவியல் எல்லாம் மலாயில். ஆசிரியர் சொன்ன நகைச்சுவைக்கு வகுப்பே சிரித்து முடித்த பிறகு நான் சிரிப்பேன். பட்டைக் குறிவரைவு 'கார்த்தா பாலாங்' ஆனது. அச்சு 'பக்சி' ஆனது. ஆனால் பட்டை பட்டையாகவேதான் இருந்தது! பக்கம் பக்கமாக எனக்குப் புரியாத எழுத்துகளுக்கு நடுவே வரைபடம் மட்டும் என்னிடம் நேராகப் பேசியது. எது உயரம், எது குட்டை, எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று அறிய அகராதி தேவைப்படவில்லை. மொழியில் தடுமாறிய ஒரு பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து எழுத்தைச் சந்தேகிப்பேனே தவிர வரைபடத்தைச் சந்தேகித்ததில்லை.

முதல் படிவப் பாடத்தில், தரவைக் குழப்பம் வராதபடி நேர்மையாகக் காட்ட வேண்டும் என்று ஒரு சிறு பகுதி இருந்தது. இப்போது எடுத்துப் பார்த்தால் என் நூலில் அந்தப் பக்கம் மட்டும் சுத்தமாக இருக்கிறது. ஒரு கோடுகூட அடித்திருக்கவில்லை.

நான்காம் படிவத்தில் இருந்தபோது கோவிட் வந்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு மாலையானால் வீடே தொலைக்காட்சி முன் கூடிவிடும். அன்றைய எண்ணிக்கை, அன்றைய வளைகோடு. நான்தான் வீட்டு வர்ணனையாளர்! "கோடு படுத்தா நல்லதுப்பா, நிமிர்ந்தா கெட்டது." மாமா, சித்தி எல்லாரும் குடும்பப் புலனக் குழுவில் வரைபடங்களை அனுப்பி, "பாப்பா, இது என்ன சொல்லுது?" என்று கேட்பார்கள். 2021 ஆகஸ்டு 26-ஆம் தேதி ஒரே நாளில் 24,599 தொற்று என்று வந்தபோது அந்தக் குழுவுக்கு விளக்கம் சொன்னதும் நான்தான். எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தார்கள் என்பதைப் பொறுத்தும் அந்த எண் கூடும், குறையும் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பதினேழு வயதில் குடும்பமே நம் பேச்சைக் கேட்கிறது என்றால் சும்மாவா?

அப்பாவுக்கு 2019-இல் இனிப்புநீர் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. எங்கள் தாமானில் யாருக்கும் அந்த ஆய்வைக் காட்டத் தேவையில்லை. கல்யாண வீட்டில் 'சீனி இல்லாத தே ஓ' கேட்டுக் கை தூக்குபவர்களை எண்ணினாலே போதும். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி மெட்ஃபோர்மின் மாத்திரை வாங்கி வருவார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. சோதனை 7.4-ஐ ஒட்டியே நின்றது. பிரமாதம் என்று சொல்ல முடியாது, மோசமும் இல்லை.

2023 நடுப்பகுதி. மெட்ரிகுலேஷன் முடித்துவிட்டு பல்கலைக்கழக அழைப்புக்காகக் காத்திருந்த நாட்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார். அப்பாவின் ஒரே தங்கை. கையில் பளபளப்பான ஒரு தாளும் இரண்டு பெட்டிகளும். ஏதோ மூலிகைப் பானம், நேரடி விற்பனை. ஒரு பெட்டி 180 வெள்ளி.

"அண்ணே, எத்தனை நாளைக்கு இந்த மாத்திரையவே போடப் போற? கிட்னி போயிடும்ணே" என்று தொடங்கினார். அப்பா வழக்கம்போல, "பாப்பாகிட்ட குடு. படிச்சிட்டுச் சொல்லட்டும்" என்றார்.

தாளின் நடுவில் பெரிய பட்டைக் குறிவரைவு. சிவப்பில் ஒரு பட்டை, 'செபெலும்'. பச்சையில் ஒரு பட்டை, 'செலெப்பாஸ்'. முன்பும் பின்பும். சிவப்புப் பட்டை தாளின் உச்சிவரை நின்றது. பச்சை அதன் முழங்கால் அளவுகூட இல்லை. கீழே 'எட்டு வாரத்தில்' என்று மலாயில் எழுதியிருந்தது. நான் சத்தமாக விளக்கினேன். எட்டு வாரத்தில் சீனி இவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கையை மேலே வைத்துக் கீழே இறக்கிக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அம்மா சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். பட்டைகளை அவர் பார்க்கவே இல்லை. பட்டைகளுக்கு மேலே சிறியதாய் அச்சிட்டிருந்த எண்களைத்தான் பார்த்தார்.

"ஒம்பது புள்ளி ரெண்டுலேருந்து எட்டு புள்ளி ஏழு. அரைதானே இறங்கியிருக்கு? அதுக்கு நூத்தி எம்பது வெள்ளியா?"

"ஐயோ அம்மா, படத்தப் பாருங்க! எவ்ளோ இறங்கியிருக்குன்னு. உங்களுக்கு இது புரியாது."

எனக்குப் புரியாத மலாயைப் பற்றி மற்றவர்கள் என்னிடம் சொன்ன அதே தொனியில் அதை நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். தினமும் தேங்காய்ப்பால் விலையையும் முட்டை விலையையும் ஐந்து காசு பிசகாமல் கணக்குப் பார்க்கிற மனுஷி. அப்பா இரண்டு பெட்டியையும் வாங்கினார்.

அக்டோபரில் நான் பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தேன். அறிமுக வாரம், கல்லூரி விடுதி, பேரவையின் முதல் கூட்டம் என்று நாட்கள் பறந்தன. நவம்பர் 12 தீபாவளி. முதல் நாள் இரவு வீட்டுக்குப் போனபோது அப்பா வீட்டுக்குள்ளேயே காலுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூடத்தில் லேசாக ஒரு வாடை. நான் கேட்கக் கேட்க மழுப்பினார். அம்மாதான் காலுறையைக் கழற்றிக் காட்டினார். வலது பாதத்தின் அடியில் ஐம்பது காசு அளவில் புண். பஸ்ஸின் பிரேக்கை மிதித்து மிதித்துக் கொப்புளம் வந்து உடைந்ததாம். எப்போது உடைந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வலித்தால்தானே தெரியும்?

தீபாவளிக்கு மறுநாள் மருத்துவமனை. இளம் மலாய் மருத்துவர் ஒருவர் முடிவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அங்கிள், ஊபாட் தக் மாக்கான் கே?" மாத்திரை சாப்பிடவில்லையா? அப்பா என்னைப் பார்த்தார். எச்.பி.ஏ.1சி. 11.2. மூலிகைப் பானம் தொடங்கிய மூன்றாம் வாரமே மாத்திரையைப் பாதியாக்கி, பிறகு அடியோடு நிறுத்திவிட்டிருக்கிறார். ஒன்பது நாள் வார்டில் இருந்தார். விரலை எடுக்க வேண்டி வருமோ என்று ஒரு நாள் பேசினார்கள், நல்லவேளை, தேவைப்படவில்லை. புண் ஆற நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதமும் பஸ்ஸை வேறொருவர் ஓட்டினார். வீடு நாசி லெமாக்கில் ஓடியது. அம்மா மாலையிலும் கடை போட்டார்.

அதுவரையும்கூட நான் அந்தப் பானத்தைத்தான் குறை சொன்னேன், வரைபடத்தை அல்ல.

2024 மார்ச், இரண்டாம் பருவம். அறிவியல் புல மாணவர்களுக்குக் கட்டாயமான அடிப்படைப் புள்ளியியல். முதல் விரிவுரையிலேயே விரிவுரையாளர் திரையில் இரண்டு பட்டைகளைக் காட்டினார். எண்கள் இல்லை. "எத்தனை மடங்கு வித்தியாசம்?" என்று கேட்டார். மூன்று, நான்கு என்று மண்டபமே கத்தியது. நானும்தான். பிறகு இடப்பக்க அச்சின் எண்களைத் திறந்துவிட்டார். அச்சு பூஜ்யத்தில் தொடங்கவில்லை. உண்மையான வித்தியாசம் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது.

அத்தை அனுப்பிய அந்தத் தாளின் படம் இன்னும் என் கைப்பேசியில் இருந்தது. மேசைக்குக் கீழே வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடப்பக்க அச்சு 8.5-இல் தொடங்கியது. அதாவது சிவப்புப் பட்டையின் கண்ணுக்குத் தெரியும் உயரம் 0.7, பச்சையின் உயரம் 0.2. படத்தில் பத்தில் ஏழு பங்கு காணாமல் போயிருந்தது. எண்ணிலோ 9.2-லிருந்து 8.7, 5.4 விழுக்காடு இறக்கம். எட்வர்ட் டஃப்டி என்பவர் 1983-இல் வந்த தம் நூலில் இதற்கு ஒரு கணக்கே கொடுத்திருக்கிறார்: படம் காட்டும் மாற்றத்தைத் தரவில் உள்ள மாற்றத்தால் வகுத்தால் பொய்யின் அளவு கிடைக்கும். நான் வகுத்துப் பார்த்தேன். சுமார் 13 மடங்கு.

'அரைதானே இறங்கியிருக்கு?' அம்மாவின் குரல் விரிவுரை மண்டபத்தில் கேட்டது.

அந்தப் பருவம் முழுவதும் அந்த ஒரு தாளைத்தான் நான் படித்தேன் என்று சொல்லலாம். ஒவ்வொரு வாரப் பாடமும் அதில் ஒரு புதிய ஓட்டையைக் காட்டியது. அடியில் எறும்பு எழுத்தில் நட்சத்திரக் குறியிட்டு ஒரு வரி: 30 பயனர்கள், மருத்துவர் தந்த மருந்தோடும் உணவுக் கட்டுப்பாட்டோடும் சேர்த்துப் பயன்படுத்தப்பட்டது, பலன் ஆளுக்கு ஆள் மாறுபடலாம். மருந்தோடு சேர்த்து! அப்படியானால் இறங்கிய அந்த அரையும் மாத்திரையால் இறங்கியதா, சோற்றைக் குறைத்ததால் இறங்கியதா, பானத்தால் இறங்கியதா? பானம் குடிக்காத இன்னொரு முப்பது பேரைப் பக்கத்தில் நிறுத்தாமல் அதைச் சொல்லவே முடியாது. அதோடு, மனிதர்கள் சீனி மிகவும் ஏறிக் கிடக்கும் நாளில்தான் பயந்துபோய்ப் புதிய மருந்தைத் தேடுவார்கள். உச்சத்தில் இருக்கும் ஓர் அளவை மறுபடி அளந்தால் பெரும்பாலும் சற்று இறங்கித்தான் இருக்கும். ஃபிரான்சிஸ் கால்டன் 1886-இலேயே பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை வைத்து இதை எழுதிவிட்டார். ஒன்றுமே குடிக்காமல் இருந்தாலும் பச்சைப் பட்டை கொஞ்சம் குட்டையாகத்தான் வந்திருக்கும்.

அளக்கும் கருவியும் ஒன்றும் அரிச்சந்திரன் அல்ல. அப்பாவின் விரலில் ஒரே நிமிடத்தில் இரண்டு முறை குத்திப் பார்த்தேன், பாவம் அவர். 9.1 என்றது; பிறகு 8.4 என்றது. கருவி கெட்டுவிட்டதோ என்று தேடினால், வீட்டில் பயன்படுத்தும் இவ்வகைக் கருவிகளுக்கான 2013-ஆம் ஆண்டின் அனைத்துலகத் தரமே இந்த அளவில் 15 விழுக்காடு கூடக்குறைய இருப்பதை ஏற்கிறது. இப்படி ஒரு கருவியில் ஒரே ஒரு முறை குத்திவிட்டு அரை இறங்கிவிட்டது என்று யாராவது சந்தோஷப்பட்டால் என்ன சொல்வது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தாளில் எங்கேயும் 'குணமாகும்' என்ற சொல் இல்லை. நம் நாட்டின் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் நீரிழிவு உட்பட 20 நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. வாயால் சொல்ல முடியாததை இரண்டு பட்டைகள் சொல்லிவிட்டன. மீதியை நான் சொன்னேன்.

அந்தப் பாடத்தில் என்னை மிகவும் உலுக்கியது சேலஞ்சர் விண்கலத்தின் கதை. 1986 ஜனவரி 28 அன்று கிளம்பி, ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்திலேயே சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். குளிரில் ரப்பர் வளையங்கள் இறுகி, சூடான வாயுவைத் தடுக்கத் தவறியதே காரணம். முந்திய இரவு பொறியியலாளர்கள் இதைப் பற்றித்தான் விவாதித்தார்கள். விசாரணைக் குழு பிறகு ஒன்றைக் காட்டியது. வளையம் பாதிக்கப்பட்ட பயணங்களை மட்டும் வெப்பநிலையோடு வரைந்து பார்த்தால் ஒரு தொடர்பும் தெரியவில்லை. குளிரிலும் பாதிப்பு, வெயிலிலும் பாதிப்பு. ஆனால் பாதிப்பே இல்லாத பயணங்களையும் சேர்த்து வரைந்தால்? 66 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில்தான் பாதிப்பு. 63 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த நான்கு பயணங்களில் நான்கிலும் பாதிப்பு. தாளில் இருந்த புள்ளிகளில் ஒன்றுகூடப் பொய் இல்லை. இல்லாமல் போன புள்ளிகள்தான் பொய் சொல்லின.

அதைக் கேட்ட நாள் முதல் எந்தத் தாளைப் பார்த்தாலும் இதில் யார் இல்லை என்றுதான் என் கண் தேடுகிறது. 2023-இல் நடந்த தேசிய ஆய்வில் நீரிழிவு 15.6 விழுக்காடு என்று வந்தது. பேரவை அறையில் ஒரு தோழி, "பார்த்தியா, 18.3-லிருந்து குறைஞ்சிருச்சு!" என்று மகிழ்ந்தாள். குறைந்திருக்கலாம், நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஆனால் இரண்டும் மாதிரி ஆய்வுகள். ஒவ்வொரு எண்ணுக்கும் இருபுறமும் கொஞ்சம் இடைவெளி உண்டு. அதோடு ஒரு கணக்கெடுப்பில் நோயாளிகளின் பங்கு இரண்டு வழியில் குறையலாம்: நோய் வருவது குறைந்தாலும் குறையும், நோயாளிகள் இறந்துபோனாலும் குறையும். எது நடந்தது என்று அந்த இரண்டு எண்களும் சொல்லாது. "உன்கூட சினிமாவுக்குக்கூட வர முடியாது" என்றாள் தோழி.

அதற்காக வரைபடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் 1973-இல் நான்கு தரவுத் தொகுதிகளைக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் சராசரி ஒன்றே, ஒட்டுறவும் 0.816-ஐ ஒட்டியே. எண்களை மட்டும் பார்த்தால் நான்கும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. வரைந்தால் ஒன்று சிதறிய புள்ளிகள், ஒன்று வளைகோடு, மற்ற இரண்டில் ஒற்றைப் புள்ளி மொத்தக் கோட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. வரைந்ததால்தான் உண்மை தெரிந்தது. என் பழைய நண்பனை நான் இன்னும் கைவிடவில்லை.

படித்த படிப்பே எனக்கு ஒரு தப்பிக்கும் வழியையும் கொடுத்தது. அப்பா ஒருவர்தானே? ஒரே ஒரு புள்ளி. ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு காரணம் சொல்லக் கூடாது என்று பாடமே சொல்கிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கும் பாதத்தில் புண் வரத்தான் செய்கிறது. அந்தத் தாளை நான் விளக்காமல் போயிருந்தாலும் வந்திருக்கலாம். இரவில் விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு இந்த வாதத்தைப் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் தூக்கமும் வரவில்லை.

பருவ விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தாளை விரித்து அச்சைக் காட்டினேன். ஆறாம் ஆண்டில் மேடையேறி அறிவுடைமை அதிகாரம் முழுவதையும் ஒப்புவித்து முதல் பரிசு வாங்கியவள் நான். வீட்டுச் சுவரில் அந்தச் சான்றிதழ் இன்னும் தொங்குகிறது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் சொன்னேன்.

அம்மா, "நான் அன்னிக்கே கேட்டேன்ல" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அப்பாதான் பேசினார்.

"நீ சொன்னதுக்காக மட்டுமா நிறுத்துனேன்? அந்த மாத்திரை வயித்தக் கலக்கும் பாப்பா. காலையில அஞ்சரைக்கு நாப்பது பேர ஏத்திக்கிட்டு ஹைவேயில போறேன். நடுவுல வண்டிய நிறுத்திட்டு எங்க ஓடுறது? நிறுத்த ஒரு சாக்கு கெடச்சிச்சு. நிறுத்திட்டேன்."

நான்கு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்ட மனிதர். கிளினிக் புத்தகத்தில் அத்தனை எண்கள். இந்த ஒன்று மட்டும் எதிலும் பதிவாகவில்லை. ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. வீட்டில் எல்லாவற்றையும் படித்துச் சொல்கிற நானும் கேட்கவில்லை. அடுத்த முறை கூடவே போய் மருத்துவரிடம் மலாயில் சொன்னேன். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார். வயிற்றுத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. அவ்வளவுதான் விஷயம்!

அத்தையைப் பற்றிக் கோபமாக எழுத முடியவில்லை. சங்கிலியை அடகு வைத்து 1,500 வெள்ளிக்குச் சரக்கு எடுத்திருந்தார். அவருக்கும் ஒரு வரைபடம் காட்டியிருந்தார்கள்: மாதா மாதம் வருமானம் வளைந்து வானத்துக்கு ஏறும் கோடு. அதை யாரிடம் காட்டிப் படிக்கச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மீதிப் பெட்டிகள் அவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் காலாவதியாகிக் கிடக்கின்றன. அப்பாவைப் பார்க்க வரும்போதெல்லாம் முதலில் பாதத்தைத்தான் பார்க்கிறார்.

இப்போது அப்பா தம்பியின் பழைய பயிற்சி நோட்டில் தினமும் காலை அளவை எழுதுகிறார். விடுமுறைக்குப் போகும்போது நான் அதைக் கட்டத்தாளில் கோடாக வரைந்து நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுவேன். முதல் முறை ஒட்டியபோது அம்மா கிட்ட வந்து பார்த்தார்.

"ஏன் நாலுல ஆரம்பிக்கிற? பூஜ்யத்துலேருந்து போடலையா? நீயும் அந்தப் பேப்பர்காரன் மாரிதான்."

பட்டைக்குத்தான் பூஜ்யம் கட்டாயம், ஏனென்றால் அங்கே கண் உயரத்தை ஒப்பிடுகிறது. கோட்டில் கண் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது. உயிரோடு இருக்கிற யாருக்கும் சீனி பூஜ்யத்துக்குப் போகாது. காய்ச்சல் கருவிகூட 35-ஐ ஒட்டித்தானே தொடங்குகிறது என்றெல்லாம் விளக்கினேன். அம்மா முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. 'நாலில் தொடங்குகிறது' என்று தாளின் ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

போன விடுமுறையில் நோட்டைப் புரட்டியபோது சில நாட்கள் காலியாக இருந்தன. பெரும்பாலும் சனிக்கிழமைகள்.

"ஏம்ப்பா, சனிக்கிழமைல எழுதல?"

அப்பா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "வெள்ளிக்கிழம கோயில்ல சர்க்கரைப் பொங்கல் குடுப்பாங்க. மறுநாள் காலையில ஏறியிருக்கும். அதான் குத்தல."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தது கேட்டது. நான் கட்டத்தாளில் அந்த நாட்களுக்கு நேரே புள்ளி வைக்காமல் கோட்டை அறுத்துவிட்டு, கீழே தேதிகளை மட்டும் எழுதினேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"அதையும் போடுவியா?"

"ஆமாப்பா."

"சரி, போடு."